விடியக்காலைப் பின்னல்

கட்டுகஸ்தோட்டை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

மகன் நஸீபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

இங்கே என் உடம்புக்கு அல்ஹம்துலில்லாஹ் ஒரு குறையும் இல்லை, சீனியும் பிரஷரும் மருந்துக்கு அடங்கித்தான் இருக்கின்றன, மனதுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. உன்னை அல்லாஹ் நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இந்த வாரமும் கேட்டேன், கோபத்தோடு கேட்டேன். வழமையாக 'அன்பு மகன்' என்றுதான் தொடங்குவேன். இந்தத் தடவையும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன், பிறகு அந்த 'அன்பு'வைப் பேனையால் வெட்டினேன், மேலே உன் பெயருக்கு முன்னால் கறுப்பாக இருக்கிறதே, அது அதுதான். இந்தக் காலத்தில் யார் உம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் எனக்குக் கோபம் ஏறுகிற நேரம் பார்த்து "உம்மா, லைன் சரியில்ல, பொறகு எடுக்கிறேன்" என்று வெட்டிவிடுகிறாய், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கடிதத்தை வெட்ட ஏலாது. உன் கூட்டாளி ரிஸ்மி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் சீனிச்சம்பல் போத்தலுக்கும் உன் தங்கச்சி கிண்டிய தொதலுக்கும் நடுவில் இதை வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் கடிதத்தை வாசி, பிறகு தொதலைப் பிரி.

உன் பெண்டாட்டி இன்ஷிராவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலில் காலையில் நடந்தது என்ன, அது எப்படித் தொடங்கியது என்று நீ யாரிடமும் கேட்கவில்லை. உன் மச்சான் அரூஸ் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்தாய், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாய். இப்போது கேள். பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவின் பின்பக்கத்து அனெக்ஸுக்குக் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. லோஜினி என்று பெயர், புருஷன் ரமேஸ் ஹார்ட்வெயர் கடையில் நிற்கிறான், ஒரே ஒரு மகள், டிலுக்சி. லோஜினிக்கு கார்மென்டில் தையல் வேலை, அவர்களை ஏற்றுகிற பஸ் இருட்டோடு பாலத்தடிக்கு வந்துவிடும், அவள் ஓடிப்போய் ஏறும்போது பிள்ளை இன்னும் போர்வைக்குள். அதற்குப் பிறகு பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, உடுப்புப் போட்டு, பாண் கொடுத்து அனுப்புவதெல்லாம் ரமேஸ்தான். எல்லாம் செய்வான், தலை மட்டும் அவனுக்கு வராது. பிள்ளைக்கோ இடுப்புக்குக் கீழே முடி. பாடசாலையில் இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டித்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் கேற்றில் நிற்கிற மாணவத் தலைவிகள் பிள்ளையை ஓரமாக நிறுத்தி வைப்பார்கள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டே உள்ளே போகும். ரமேஸ் கட்டிவிடுகிற பின்னல் பாலம் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். ஒரு நாள் இன்ஷிரா உன் மகள் நுஸ்ஹாவை வேனில் ஏற்றப் போனபோது அந்தப் பிள்ளை மதிலோரம் நின்று அழுகிறது, பக்கத்தில் தகப்பன் சீப்பை வைத்துக்கொண்டு முழிக்கிறான். இன்ஷிரா அவனிடம் ஒன்றும் கதைக்கவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்து விறாந்தைக்குக் கூட்டி வந்து, படியில் உட்கார வைத்து, பின்னிவிட்டாள். அவ்வளவுதான் மகன், இதுதான் நீ சொன்ன அந்தப் பெரிய மானக்கேடு தொடங்கிய விதம்.

பிறகு டிலுக்சி தினமும் வந்தாள். அவளைப் பார்த்து பேக்கரிக்காரியின் இரண்டு பெண் பிள்ளைகளும் வந்தன, அந்தத் தாய்க்குச் சுபஹு தொழுகிற நேரத்திலிருந்து பாண் சுடுகிற போறணையடியில் வேலை, "நங்கி, துவலாவ பலன்ட வெலாவக் நே" என்று சிங்களத்தில், பிள்ளைகளைப் பார்க்க நேரமே இல்லை என்று, வாசலில் நின்று கெஞ்சினாள். ரஸீனின் மகளும் வந்தாள், ரஸீனின் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வீடு வந்து சேருவதற்குள் வேன் போய்விடும். காலையில் விறாந்தைப் படியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சப்பாத்துகள், அதற்குப் பக்கத்தில் புத்தகப் பைகள், எல்லோர் கையிலும் அவரவர் ரிப்பன். யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை, இவளும் ஒன்றும் வாங்குவதில்லை, பேக்கரிக்காரி சிலநேரம் சுடச்சுடப் பணிஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடுவாள், அதை நுஸ்ஹா தின்பாள்.

பின்னுவது என்றால் மூன்று கற்றையை மாற்றி மாற்றிப் போடுவது என்று நீ நினைக்கிறாய். உனக்குச் சப்பாத்துக் கயிறே ஒழுங்காகக் கட்ட வராது, நான் கட்டிவிட்டுத்தான் இஸ்கோலுக்குப் போனாய், அதனால் சொல்கிறேன். நேரம் இல்லாத காலையில் எந்தத் தலைக்கு எந்தப் பின்னல் என்று பார்க்கத் தெரிய வேண்டும். டிலுக்சியின் முடி அடர்த்தி, கனம், அதற்கு வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து காதுக்குப் பின்னால் இறுக்கித் தொடங்கினால்தான் மாலை வரை நிற்கும், கழுத்தடியில் தொடங்கினால் தொங்கிவிடும். பேக்கரிப் பிள்ளைகளுக்கு மெல்லிய முடி, வழுக்கிக்கொண்டு போகும், அவர்களுக்கு இன்ஷிரா கயிறு முறுக்குப் போடுவாள், இரண்டே கற்றை, இரண்டையும் வலப்பக்கம் முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை இடப்பக்கம் சுற்றுவாள், எதிர் எதிராக முறுக்கியதால் அது தானாக அவிழாது, ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இரண்டு தலை முடிந்துவிடும். ரஸீனின் மகளுக்கு முன்னால் முடி குட்டை, கண்ணில் விழும், அவளுக்கு நெற்றியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துக்கொண்டு தலையை ஒட்டிப் பின்னுவாள். சனிக்கிழமை மத்ரஸா விழா, கல்யாண வீடு என்றால் மீன்முள்ளுப் பின்னல், அதற்கு நேரம் பிடிக்கும், அதை வேலை நாளில் யார் கேட்டாலும் போடமாட்டாள். நுஸ்ஹாவுடைய பின்னல் வெள்ளைப் பர்தாவுக்குள் போய்விடுகிறது, வெளியே யாருக்கும் தெரியாது, ஆனாலும் அதற்கும் அதே கவனம்தான், பின்னாமல் விட்டால் பின்னேரம் அந்தத் தலை தேன்கூடு மாதிரி வரும். இதெல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தாள், பழகியது என் தலையில். மத்தியானம் சமையல் முடிந்ததும் "மாமி, கொஞ்சம் திரும்பி உட்காருங்க" என்பாள், நரைத்த தலையில் நான் எத்தனை விதப் பின்னலோடு லுஹர் தொழுதிருக்கிறேன் என்று உனக்கு எங்கே தெரியப் போகிறது. அவள் பின்னப் பின்ன நானும் பார்த்துப் பழகிவிட்டேன், அவள் வேகம் எனக்கு வராது, ஆனால் கயிறு முறுக்கு நன்றாக வரும்.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். வீட்டில் ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பெண்டாட்டிக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம், என் பட்டன் போன் வேலை செய்கிறது. நீ என்ன செய்தாய்? குடும்ப குரூப்பில் வொய்ஸ் போட்டாய். அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாயா? அக்குறணையில் உன் பெரியம்மா வீட்டார் எல்லோரும், மாவனல்லையில் உன் மாமாமார், லண்டனில் இருக்கிற ஸிபான், உன் வாப்பா மௌத்தான வீட்டுக்குக்கூட வராமல் ஸலாம் மட்டும் அனுப்பியவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஷிராவின் சொந்த வாப்பாவும் கூடப்பிறந்த நானாவும். இத்தனை பேர் காதிலும் நீ சொன்னது இது: "எங்கட ஊட்டு வாசல்ல விடியக்காலையில ஊர்ச் சனத்துக்கெல்லாம் தலை பாக்கிறா. ஒஸ்தா ஊட்டுப் பொம்புளையா இவ? முக்காடு கூட ஒழுங்கா இல்ல, கேற்றடியில ஆம்புளையள். நாளைலேந்து அந்தக் கதவ மூடணும்." எனக்கு வாசகம் மாறாமல் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் உன் தங்கச்சி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். உன் குரல்தான், நான் பால் கொடுத்து வளர்த்த குரல்தான். கேட்டபோது கையில் இருந்த தேத்தண்ணீர் கோப்பையைக் கீழே வைத்தேன், அதற்குப் பிறகு அதைக் குடிக்க மனம் வரவில்லை.

ஒஸ்தா என்று சொன்னாயே, அது என்ன ஏச்சா? தலை வழிப்பதும் சுன்னத்து வைப்பதும் பரம்பரையாகச் செய்து வந்தார்கள் என்பதற்காக அந்தக் குடும்பங்களில் பெண் எடுக்காமல், பந்தியில் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, அந்தப் பெயரையே ஒரு வசைச் சொல்லாக நம் ஆட்கள் ஆக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டால் மார்க்கத்தில் எல்லோரும் சமம் என்று பயான் பண்ணுவார்கள். நீ பிறந்தபோது உனக்கு முடி இறக்கியது முஹம்மது ஒஸ்தா. உன் உச்சிக்குழி மூடாத தலையை அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தபோது உன் வாப்பா மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார், ஒரு கீறல் விழவில்லை. சுன்னத்து அன்றைக்கு நீ கத்திய கத்தலில் அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு உனக்காக ஒரு பாட்டுப் படித்தார். மாப்பிள்ளையாகக் குதிரை மாதிரி நிமிர்ந்து நின்றாயே, அன்று காலை உன் தாடியை ஒழுங்குபடுத்தியது அவருடைய மகன். அவர்கள் கை பட்டபோதெல்லாம் உனக்கு மரியாதை குறையவில்லை. அங்கே டோஹாவில் வெள்ளிக்கிழமைதோறும் சலூன் கதிரையில் சாய்ந்துகொண்டு படம் எடுத்துப் போடுகிறாய், நுஸ்ஹா காட்டினாள். அங்கே முடி வெட்டினால் ஸ்டைல், இங்கே ஒரு பிள்ளைக்குத் தலை பின்னினால் ஒஸ்தா ஊட்டு வேலை. இப்படி ஒரு கணக்கை உனக்கு யார் படிப்பித்தார்கள் என்று தெரியவில்லை, நான் படிப்பிக்கவில்லை.

கேற்றடியில் ஆம்பிளைகள் என்றாய். படத்தில் நிற்பது ரமேஸும் ரஸீனும். ரமேஸ் இத்தனை காலத்தில் ஒரு நாள் கூட கேற்றுக்கு உள்ளே கால் வைத்ததில்லை, மழை பெய்தால் கூட ஆஸியா உம்மாவின் மாமரத்தடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், "டிலுக்சி, முடிஞ்சா வாம்மா, அப்பா இங்க நிக்கிறேன்" என்று மெதுவாக ஒரு சத்தம் கொடுப்பான், அவ்வளவுதான். ரஸீனை உனக்கே தெரியும், உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், தலையைத் தூக்கி ஒரு பெண்ணைப் பார்த்துக் கதைக்கத் தெரியாதவன். அந்த இரண்டு பேரும் வாசலைப் பார்க்காமல் நிற்க, வாசலை எட்டிப் பார்த்து, போனைத் தூக்கிப் பெண்ணைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவன் உன் மச்சான் அரூஸ். இந்த மூன்று ஆம்பிளைகளில் யாரை நீ ஏசியிருக்க வேண்டும்? அவனுக்கு நீ 'ஜஸாகல்லாஹ் மச்சான்' என்று நன்றி போட்டிருக்கிறாய்.

நீ மூடச் சொன்ன கதவு அடுத்த நாளே மூடப்பட்டது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஏன் மகள் கதவைத் திறக்கவில்லை, பிள்ளைகள் நிற்கிறார்களே என்று கேட்டேன், தலையிடி மாமி என்றாள். அடுத்த நாளும் தலையிடி. பிள்ளைகள் கொஞ்ச நேரம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்கள், பேக்கரிக்காரியின் சின்னவள் கேற்றுக் கம்பியில் தன் ரிப்பனைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள், மறந்து வைத்தாளோ வேண்டுமென்று வைத்தாளோ தெரியாது. அந்தக் கிழமை முடிகிறபோது டிலுக்சி தெருவில் போகிறாள், எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முடி இல்லை. கழுத்துக்கு மேலே, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, ரமேஸ் வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறான். கேற்றில் தினமும் பிள்ளையை நிறுத்தி வைக்கிறார்கள், அவன் என்ன செய்வான் பாவம். லோஜினி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, "நம்ம தலையெழுத்துங்க உம்மா, முடிதானே, வளந்துரும்" என்று சிரித்தாள், சொல்லி முடிக்க முன்னமே கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் அந்த முடியில் கத்தரிக்கோல் பட விட்டதில்லை. அன்று இன்ஷிரா ஜன்னலால் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய் வெங்காயம் இல்லாமலே அழுதாள். மகன், நீ டோஹாவில் பெருவிரலால் அழுத்தி அனுப்பிய வார்த்தை இங்கே வந்து ஒரு பிள்ளையின் முடியை வெட்டியது, அதைத் தெரிந்துகொள்.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி வந்தாள். வந்ததும் வராததுமாக "உம்மா, நீங்களும் பாத்துக்கிட்டா இருந்தீங்க, மதினி இப்புடிச் செய்ய உட்டுட்டு" என்று என்னைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. உன் குரலைப் போட்டாள், பிறகு அரூஸ் குரூப்பில் போட்ட படத்தைக் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பனி மூட்டமான காலை, நம் விறாந்தைப் படி, முகம் தெரியாமல் அங்கால் திரும்பி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நீ போன வருஷம் இன்ஷிராவுக்கு அனுப்பிய மண்ணிறச் சால்வை, ஓரத்தில் பொன் நூல் வேலை, அது தலையிலிருந்து நழுவித் தோளில் கிடக்கிறது, இரண்டு கையும் பேக்கரிப் பிள்ளையின் முடியில். உன் தங்கச்சி விரலால் இழுத்துப் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அஸர் தொழப் போனேன்.

அந்தப் படத்தை இப்போது நீ எடுத்துப் பார். அழித்திருக்க மாட்டாய். உன் தங்கச்சி செய்தது போல இரண்டு விரலால் பெருப்பித்துப் பார். இடது கையின் சின்ன விரல் வெளியே வளைந்து நிற்கிறது, தெரிகிறதா? நீ நடக்கப் பழகிய காலத்தில் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடினாய், கதவு உன் தலையில் அடிக்க வந்தபோது நான் கையைக் குறுக்கே கொடுத்தேன், அன்று நசுங்கிய விரல் அது, பிறகு நேராகவில்லை. மணிக்கட்டில் கறுப்பு வளையல் கூட இல்லை, உன் வாப்பா மௌத்தாகி நான் இத்தா இருந்தபோது கழற்றியது, திரும்பப் போடவில்லை. அன்று இன்ஷிராவுக்குக் கடும் காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடந்தாள், பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள், குளிராக இருக்கிறதே என்று கொக்கியில் தொங்கிய அவளுடைய சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு நான்தான் போய் உட்கார்ந்தேன். முக்காடு நழுவியது கூடத் தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பனியில் என் நரையும் படத்தில் விழவில்லை. படத்தில் இருப்பது உன் பெண்டாட்டி இல்லை. நான். நீ வாங்கி அனுப்பிய சால்வையை டோஹாவிலிருந்தே அடையாளம் கண்டாய், உன்னைப் பெற்றவளின் கையை உனக்குத் தெரியவில்லை.

என்னை நீ ஒஸ்தா ஊட்டுப் பொம்பிளை என்றதற்கு எனக்குக் கோபமில்லை, அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று மேலே எழுதிவிட்டேன். என் கோபம் வேறு. அந்தப் படம் வந்த நிமிஷத்திலிருந்தே இன்ஷிராவுக்கு அது நான்தான் என்று தெரியும், அவள் அன்று பாயை விட்டே எழும்பவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் போதும், 'அது நான் இல்லை, மாமி' என்று. எழுதவில்லை. உன் தங்கச்சி போன பிறகு ஏன் என்று கேட்டேன். முதலில் "விடுங்க மாமி" என்றாள், விடாமல் கேட்டேன். "நான் அப்படிச் சொன்னா, அவர் சொன்ன பேச்செல்லாம் உங்க மேல வந்து விழும் மாமி, எல்லாரும் கேட்டிட்டாங்கதானே" என்றாள். பார்த்தாயா? தன் வாப்பாவுக்கும் நானாவுக்கும் முன்னால் அவளுடைய முக்காட்டைப் பற்றிப் பேசிவிட்டாய், அதையும் தாங்கிக்கொண்டு உன் உம்மாவின் மானத்தை மூடி வைத்திருக்கிறாள். அவளைப் பெண் பார்க்கப் போன அன்று, நல்ல பிள்ளை என்று நான் சொன்னபோது 'நிறம் கொஞ்சம் குறைவுதானே உம்மா' என்று கேட்டவன் நீ. இப்போது பள்ளிக்கூட லீவுக்கு மாத்தளைக்கு உம்மா வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். லீவுக்குப் போகிறவள் நுஸ்ஹாவின் குளிர்ச் சட்டைகளையும் பிறப்புச் சான்றிதழையும் ஏன் பெட்டியில் வைக்கிறாள்? நான் பார்த்தேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், அவள் போனால் அவளோடு நானும் போவேன், பிறகு நீ சொன்ன அந்தக் கதவு நீ ஆசைப்பட்டபடி மூடியே கிடக்கும், பூட்டின் திறப்பை அரூஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவன் வந்து வாசலைப் படம் எடுத்து அனுப்பட்டும்.

திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தேன். அதே சால்வையைப் போர்த்தேன், அதே படியில் உட்கார்ந்தேன். பேக்கரிப் பிள்ளைகள் முதலில் பயந்து பயந்து வந்தார்கள், பிறகு ரஸீனின் மகள். டிலுக்சியும் வந்தாள், பின்ன முடி இல்லாவிட்டாலும் வந்தாள், வந்து படியில் இருந்தாள். பனிக்கு என் விரல்கள் மடங்கவில்லை, ரஸீனின் மகளுக்கு நெற்றியிலிருந்து பின்னத் தொடங்கி, கற்றை நழுவி, அவிழ்த்து, திரும்பத் தொடங்கி, வேன்காரன் வேறு ஹோர்ன் அடிக்கிறான். கதவுக்குப் பின்னால் இன்ஷிரா நிற்பது எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு சீப்பை வாங்கியது. "வகிடு கோணல் மாமி, இங்கால தாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று எல்லாப் பிள்ளைகளும் வேனைப் பிடித்தார்கள். கடைசியாக டிலுக்சியைக் கூப்பிட்டு, அந்தக் குட்டை முடியில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இரண்டு முறுக்குப் போட்டு, கிளிப் குத்தி, ஒரு பக்கம் ஏறி இறங்கியது தெரியாமல் மறைத்து அனுப்பினாள், பிள்ளை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து அரூஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் எழும்பிக் கூப்பிட்டேன், "அரூஸ், வாப்பா, வா, இந்தத் தடவ முன்னுக்கு நிண்டு எடு, மாமிட மூஞ்சி தெரியட்டும்" என்றேன், ரோடு முழுக்கக் கேட்டது. அவன் நிற்கவில்லை. ஹெல்மெட்டும் போடாமல் போனான், பொலிஸ் பிடித்திருக்க வேண்டும். அவன் எடுக்காததால் அடுத்த நாள் காலை அதே படியில் வைத்து நுஸ்ஹாவை எடுக்கச் சொன்னேன், டவுனில் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சரிந்திருக்கிறது, பிள்ளை எடுத்தது. ஆனால் சால்வை தெரியும், என் முகம் தெரியும், அந்தச் சின்ன விரலும் தெரியும்.

நீ செய்ய வேண்டியது இதுதான், வேறு ஒன்றும் வேண்டாம். இந்தப் படத்தை அதே குரூப்பில் போடு. உன் குரலால் சொல், தட்டச்சு வேண்டாம், அன்று ஏசியது குரலால்தானே. அன்று படத்தில் இருந்தது என் உம்மா, நான் ஏசியது என் மனைவியை, இரண்டும் என் பிழை என்று சொல். அவளுடைய வாப்பா கேட்க வேண்டும், ஸிபான் கேட்க வேண்டும், உன் தங்கச்சி கேட்க வேண்டும், அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, உன் வாயால் தெரியட்டும். அதற்குப் பிறகு இன்ஷிராவுக்குத் தனியாகப் போன் எடு. எடுக்கமாட்டாள், இரண்டாவது தடவை எடு, அதற்கும் எடுக்கமாட்டாள், எடுக்கும் வரை எடு, லைன் சரியில்லை என்று என்னிடம் கதை விடாதே. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் எழுத விட்டிருக்கமாட்டாள்.

கெஸ்ட்ரைட்டிஸ் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, சம்பலை வெறும் வயிற்றில் தின்னாதே, அறையில் இருப்பவர்களுக்கும் கொடு. நுஸ்ஹா வாப்பாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே, அவளும் போன் பார்க்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான ரிஸ்க்கையும் சம்பாத்தியத்தையும் தரட்டும், நாவை அடக்குகிற பொறுமையைத் தரட்டும், வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கத்தையும் தரட்டும், ஆமீன். மேலே வெட்டிய அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். குரூப்பில் உன் குரலைக் கேட்ட பிறகு அடுத்த கடிதத்தில் இரண்டு தடவை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
படத்தில் இருக்கிறவள்,
உன் உம்மா
சித்தி றலியா